மம்சாபுரம் விலக்குல நிக்காத வண்டி

எங்க வீட்டு மொட்டை மாடியில துணி காயப்போட ஏறுனா மேக்க முழுக்க மலைதான். இராஜபாளையத்துல யாரு வீட்டு மாடியில ஏறுனாலும் அப்படித்தான், எங்களுக்கு மட்டும் எழுதிக் குடுத்ததில்ல. மழை பேஞ்ச மறுநாள் மலையில வெள்ளையா ரெண்டு மூணு கோடு இறங்கியிருக்கும். அருவி. பாப்பேன், சேலைக்குக் கிளிப்பு மாட்டுவேன், கீழ இறங்கி டிபன் டப்பாவைத் தூக்கிகிட்டு பேண்டேஜ் கம்பெனிக்கு ஓடுவேன். இருபத்தினாலு வருஷம் இப்படியே பாத்தேன். அய்யனார் கோயில் ஓடை வரைக்கும் பொங்க வைக்கப் போயிருக்கேன். அது அடிவாரம். அதுக்கு மேல ஒரு அடி வச்சதில்ல.

அதுக்குக் காரணம் எங்க மதினிதான்னு ரொம்ப நாளா நம்பிகிட்டு இருந்தேன். மதினின்னா எங்க வீட்டுக்காரரோட அக்கா. அவருக்கு ஆறு வயசுல அம்மா தவறிட்டாக. அப்ப மதினிக்குப் பதினெட்டு. வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் வேண்டாம்னுட்டு தம்பியை வளத்து, படிக்க வச்சு, ஸ்பின்னிங் மில்லுல பிட்டர் வேலைக்குச் சேத்துவிட்டு, என்னையும் பொண்ணு பாத்துக் கட்டி வச்சது அவுகதான். தான் மட்டும் கல்யாணமே கட்டாம மம்சாபுரத்துல பொறந்த வீட்டுலயே இருந்துட்டாக. ஊர்ல யாரைக் கேட்டாலும் ஒன் நாத்தனா மாதிரி வருமா, தெய்வம்னுவாக. தெய்வத்தோட குடும்பம் நடத்திப் பாத்தாத்தான் தெரியும். அவுக தெய்வம்னா நான் யாரு? கோயில் வாசல்ல செருப்புப் பாத்துக்கிறவளா?

கல்யாணம் முடிஞ்ச ஆறாம் மாசம் குத்தாலம் போகணும்னு கிளம்புனோம். மதினிக்குக் காய்ச்சல். பொறவு பல வருஷம் கழிச்சு கம்பெனியில கொடைக்கானல் டூரு போட்டாக. பஸ்ஸுல ஏறி ஜன்னலோரம் சீட்டும் புடிச்சுட்டேன். மதினி குளியலறையில வழுக்கி விழுந்துட்டாகன்னு போன் வந்துச்சு. எல்லாரும் பாக்க, பையைத் தூக்கிகிட்டு இறங்கி வந்தோம். போய்ப் பாத்தா முட்டியில ஒரு சிராய்ப்பு. மூணாந்தடவை நெஞ்சுவலின்னாக. சீரியஸ், உடனே வாங்கன்னு போன். எங்க அம்மா வீட்டுக்குக் கிளம்புனவ அப்படியே திரும்பி ஓடுனேன். போனா கட்டில்ல சாஞ்சு உக்காந்து இட்லி தின்னுகிட்டு இருந்தாக. வாயுவாம். ‘நீங்க எதுக்கு அலைஞ்சீக, வந்ததும் வந்தீக, சாப்பிட்டுப் போங்க’ன்னாக. எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம்! சிரிச்சுகிட்டே நாலு இட்லி தின்னுட்டு வந்தேன்.

இதையெல்லாம் ஏன் சொல்றேன்னா, அன்னைக்கு நான் செஞ்சதுக்கு ஒரு நியாயம் இருந்துச்சுன்னு நீங்க நெனைக்கணும்னுதான். நானும் அப்படித்தான் நெனைச்சுப் பாக்கேன். அந்த நியாயம் நிக்க மாட்டேங்குது.

ரெண்டு வருஷத்துக்கு முந்தி கம்பெனியில சேந்தாப்ல மூணு நாள் லீவு விட்டாக. ரோல் சுத்துற மெஷின்ல எனக்கு அடுத்தாப்ல நிக்கிறவ, ‘ஏட்டி, மேகமலை போவோமா? அஞ்சு குடும்பம், ஒரு வேன்’ன்னா. மேகமலை வேற எங்கயும் இல்ல, நான் மாடியில இருந்து தினமும் பாக்கேனே, அதே மலையோட முதுகுப் பக்கம். இந்தப் பக்கம் இருந்து ஏற வழி கிடையாது. வில்லிபுத்தூர், உசிலம்பட்டி, தேனின்னு சுத்தி, சின்னமனூர்ல இருந்து மேல ஏறணும். மேல ஏரி இருக்கு, தேயிலை இருக்கு, எஸ்டேட்டுக்குள்ள கோயில் இருக்கு, வரும்போது சுருளி அருவியில குளிச்சுட்டு வரலாம்னா. எனக்கு அன்னைக்குச் சோறே இறங்கல. பட்டாளத்துல இருக்க மகன்ட்டக் கூட போன்ல சொல்லிச் சொல்லிப் பீத்துனேன். ‘யம்மா, போயிட்டு வா, நூறு தடவை சொல்லிட்ட’ன்னு சிரிச்சான்.

வியாழக்கிழமை காலையில கிளம்பணும். எங்க வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்டு. முடிச்சுட்டு நேரா வேனுக்கு வந்தாரு, தலையில பஞ்சு ஒட்டியிருந்துச்சு. சீட்டுல உக்காந்ததும், ‘இந்தா, மம்சாபுரம் விலக்கு வந்தா என்னை எழுப்பி விடு. அக்கா வந்து நிப்பா. ரெண்டு நிமிஷம் பாத்துட்டுப் போயிருவோம். நான் போன்ல சொல்லியிருக்கேன்’னு சொல்லிட்டுத் தூங்கிட்டாரு. விலக்குன்னா மம்சாபுரத்துக்குப் பிரியற ரோட்டு முக்கு. ஊர்ல இருந்து அதுக்கு நல்ல தூரம் நடக்கணும்.

எழுப்பக் கூடாதுன்னு நான் முன்கூட்டியே நெனைக்கல. அது சத்தியம். விலக்கு வர வர எனக்குள்ள என்னமோ ஏறுச்சு. நிறுத்துனா என்ன நடக்கும்னு அப்படியே கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு. ‘ஏலே தம்பி, மூஞ்சி ஏன் இப்படிச் செத்துக் கெடக்கு? ராத்திரி முழுக்க முழிச்சுட்டு மலைக்கா போற?’ம்பாக. இவரு தலையைச் சொறிவாரு. பொறவு நான் பையைத் தூக்கிகிட்டு இறங்கணும், அஞ்சு குடும்பமும் வேடிக்கை பாக்கும்.

மதினி நின்னாக. வேப்பமரத்துக்குக் கீழ, கையில மஞ்சப்பையோட. வேனைப் பாத்ததும் கையத் தூக்குனாக. எங்க வேனு எதுன்னு அவுகளுக்குத் தெரியாது, அதுக்கு முந்தி போன எல்லா வேனுக்கும் கையத் தூக்கியிருப்பாக போல. நான் ஜன்னல் கண்ணாடியை விட்டு முகத்தைத் திருப்பிகிட்டேன். பக்கத்துல இவரு வாயைத் திறந்து தூங்கிகிட்டு இருந்தாரு. வண்டி தாண்டிருச்சு.

செத்த நேரத்துல வில்லிபுத்தூர்ல பால்கோவா வாங்க நிறுத்துனாக. சத்தம் கேட்டு முழிச்சாரு. கோபுரத்தைப் பாத்ததும், ‘என்னட்டி, விலக்கு தாண்டியாச்சா? எழுப்பலயா?’ன்னாரு.

‘அங்க யாரும் நிக்கலைங்க. அதான் எழுப்பல’ன்னேன்.

யோசிக்கவே இல்ல, வாயில இருந்து அப்படியே வந்துருச்சு. இவரு மதினிக்குப் போன் அடிச்சாரு. எடுக்கல. மதினிட்ட இருக்கது பட்டன் போனு, அதை வீட்டுல வச்சுட்டுத்தான் வெளிய போவாக. ‘வர மறந்துருப்பா’ன்னு சொல்லிகிட்டாரு. விலக்குல ரெண்டு நிமிஷம் நிக்காத வண்டி. பால்கோவாவுக்குப் பத்து நிமிஷம் நின்னுச்சு.

சின்னமனூர் போய்ச் சேர மணி பதினொண்ணு. டீக்கடையில நிறுத்துனாக. இவரு வழக்கம்போல வாட்சைக் கழட்டி, பர்ஸை எடுத்து, போனையும் சேத்து என் மடியில வச்சுட்டு மூஞ்சி கழுவப் பின்பக்கம் போனாரு. எங்க ரெண்டு பேருக்கும் அன்னைக்கு அந்த ஒரு போன்தான். என் போனு டிஸ்ப்ளே ஒடைஞ்சு கடையில கெடந்துச்சு.

போன் அடிச்சுச்சு. எடுத்தேன். மம்சாபுரத்துல மதினிக்குப் பக்கத்து வீட்டு அக்கா. மூச்சு வாங்குது அவுகளுக்கு. ‘ஏத்தா, ஒன் மதினி நெஞ்சைப் புடிச்சுகிட்டு உக்காந்துட்டா. வேர்த்துக் கொட்டுது. வில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம். தம்பியை உடனே வரச் சொல்லு, தம்பி தம்பின்னு அனத்துதா’ன்னாக.

‘சரிக்கா, சொல்றேன்’ன்னேன்.

வச்சுட்டேன். எதிர்த்தாப்ல மலை. மேல மேகம் உக்காந்திருக்கு. கொண்டை ஊசி வளைவு பதினெட்டுன்னு போர்டு மாட்டியிருக்கு, அதைக் கடைசி வரைக்கும் படிச்சேன். எனக்கு மொதல்ல வந்தது பயம் இல்ல, கோவம். நாலாந்தடவை! இட்லி தின்னுகிட்டு உக்காந்திருப்பாக. நான் இறங்கிப் போய் நிக்கணும், வாயுன்னு சொல்லுவாக.

அதுக்குப் பின்னாடி வந்த நெனைப்புதான் இன்னைக்கும் என்னைத் தின்னுது. எங்க பக்கம் வீட்டுல ஒரு சாவு விழுந்தா, ஒரு வருஷம் மலை ஏறக் கூடாது. மலை மேல இருக்க சாமியைக் கும்பிடக் கூடாது, தீட்டு. மதினி வேற வீட்டுக்குக் கட்டிக் குடுத்துப் போனவுக இல்ல, எங்க வீட்டு ஆளு. அதனால அந்த வருஷக் கணக்கு எங்களுக்கு அப்படியே உண்டு. அப்ப என் மனசு சொல்லுச்சு: ஒருவேளை நெசமாவே ஏதாச்சும் ஆயிருச்சுன்னா, இன்னும் ஒரு வருஷத்துக்கு மலை கிடையாது. ஆகுறதுக்குள்ள ஏறிரு. இப்ப ஏறுனா தீட்டு இல்ல.

இதை எழுதும்போது கை கூசுது. ஒரு உசுரு அங்க துடிக்குது, இங்க நான் தீட்டுக்கு நாள் பாத்துகிட்டு உக்காந்திருக்கேன். சாமி குத்தம் வரக் கூடாதாம். எம்புட்டு சுத்தம் பாத்திருக்கேன் பாருங்க.

இவரு மூஞ்சியைத் துடைச்சுகிட்டு வந்தாரு. ‘யாரு போனு? அடிச்ச மாதிரி இருந்துச்சே’ன்னாரு. ‘கம்பெனி போனுங்க, லோன் வேணுமான்னு’ன்னேன். சிரிச்சாரு. வாட்சைக் கட்டிகிட்டாரு. போனைக் கேக்கல. மேல டவரே கிடையாதுன்னு டிரைவர் சொல்லியிருந்தாரு. நான் போனை ஆப் பண்ணி என் பையில அடியில வச்சேன், துண்டுக்குக் கீழ.

வேன் மேல ஏறுச்சு. எல்லாரும் ஜன்னல்ல தலையை நீட்டி ஓன்னு கத்துறாக. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பூவோட பேரு எழுதியிருக்கு. என் சிநேகிதி ஒவ்வொண்ணா உரக்க வாசிச்சா. எனக்கு எட்டாவது வளைவுலயே காது அடைச்சுருச்சு. சின்ன வயசுல இருந்தே எனக்குக் குளிர்காத்து காதுக்கு ஆகாது. குத்தும். எங்க ஊரு வெக்கையில வருஷத்துக்கு ரெண்டு நாளு குத்தும், அவ்வளவுதான், அதனால மறந்து போச்சு. ஸ்வெட்டர்னு ஒண்ணு எங்க வீட்டுல இருந்ததே இல்ல.

மேல போனா… சும்மா சொல்லக் கூடாது. பச்சைன்னா அப்படி ஒரு பச்சை. தேயிலையைச் சீப்பு வச்சு வாரிவிட்ட மாதிரி வகிடு வகிடா. நடுவுல ஏரி, அசையாம கெடக்கு, அந்தக் கரையில மேகம் தண்ணியில இறங்கி உக்காந்திருக்கு. நான் மாடியில நின்னு பாத்த மேகம் இதுதான்னு நெனைச்சேன். இருபத்தினாலு வருஷத்து ஆசை. கண்ணுல தண்ணி வந்துச்சு. இவரு அதைப் பாத்துட்டு, ‘ஏட்டி, இதுக்கா அழுவ? இன்னும் நாலு இடம் கூட்டிட்டுப் போறேன்ட்டி’ன்னு என் தோளைத் தட்டுனாரு. எனக்கு அப்ப அந்தக் கையைத் தட்டிவிடணும் போல இருந்துச்சு. அதுக்கும் தகுதி இல்லாதவளா நின்னேன்.

எஸ்டேட்டு லைன் வீடுகளுக்கு நடுவுல ஒரு மாரியம்மன் கோயில். தகரக் கொட்டகைதான். கும்பிடப் போகும்போது கால் தயங்குச்சு. உள்ள போய்க் கண்ணை மூடுனேன். ‘தாயே, மதினிக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. நாளைக்குப் போய் நின்னதும் அவுக இட்லி தின்னுகிட்டு இருக்கணும். இனிமே ஆயிசுக்கும் முகம் சுளிக்க மாட்டேன்’னு வேண்டுனேன். போனை எடுத்து அவர்ட்டக் குடுத்துட்டு, வாங்க போவோம்னு ஒரு வார்த்தை சொல்றதை விட்டுட்டு, அம்மன்ட்டப் பேரம் பேசிகிட்டு நின்னேன். பூசாரி என் நெத்தியில குங்குமம் வச்சாரு. மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். அப்ப மதினி உசுரோடதான் இருந்திருக்காக. அதுக்குப் பின்னாடி நாலு மணி நேரம் இருந்திருக்காக. நாங்க அப்பவே கிளம்பிப் பறந்திருந்தாக் கூட கடைசி மூச்சுக்குள்ள போயிருக்கலாம்.

அன்னைக்கு ராத்திரி காதுவலி பிச்சு எடுத்துச்சு. சேலை முந்தியை இழுத்துக் காதோட கட்டிகிட்டுப் படுத்தேன். இவரு எந்திரிச்சு, யார்ட்டயோ கேட்டு, வெந்நி கொண்டு வந்து துணியில நனைச்சு ஒத்தடம் குடுத்தாரு. ‘அக்கா இருந்தா பூண்டு எண்ணெ காச்சி ஊத்துவா. எனக்கு அப்படித்தான் ஊத்துவா’ன்னாரு. நான் தூங்குற மாதிரி கெடந்தேன்.

மறுநாளு வெள்ளிக்கிழமை. இன்னும் ரெண்டு ஏரி பாத்தோம். போட்டோவுல எல்லாம் நான் சிரிச்சுகிட்டுத்தான் இருக்கேன். மலை இறங்கும்போது எல்லார் போனும் டிங் டிங்னு அடிச்சுச்சு. டவர் வந்துருச்சு. என் பையில அந்தப் போனு செத்த மாதிரி கெடந்துச்சு. இப்பவாவது ஆன் பண்ணியிருக்கலாம். பண்ணல. ஒண்ணும் இல்லன்னா அருவியையும் பாத்துட்டுப் போயிருவோம், ஏதாச்சும் இருந்தா இனி அரை மணி நேரத்துல என்ன ஆயிரப் போகுதுன்னு ஒரு கணக்கு. நெசத்தைச் சொன்னா, ஆன் பண்ண பயம்.

சுருளி அருவிக்கு மூணரை மணிக்குப் போனோம். அங்க சும்மா குளிக்க வாரவுக பாதி, செத்தவுகளுக்குத் திதி குடுக்க வாரவுக பாதி. ஆம்பளைக பக்கம் இவரு தலையைக் குடுத்துகிட்டு நின்னாரு, பொம்பளைக பக்கம் நான். குளிச்சுட்டு ஈரத்தோட வந்தாரு. வேட்டியைப் பிழிஞ்சுகிட்டே, ‘போனை எடு, அருவிகிட்ட ஒன்னை ஒரு போட்டோ எடுப்போம்’னாரு. எடுத்துக் குடுத்தேன். ‘ஆப் ஆகிக் கெடக்கு?’ன்னாரு. ‘சார்ஜ் எறங்கக் கூடாதுன்னு…’ன்னேன்.

ஆன் பண்ணாரு. அது பாட்டுக்கு வந்துகிட்டே இருக்கு, மிஸ்டு கால் மெசேஜ் ஒண்ணு மேல ஒண்ணு. மகன் நம்பர்ல இருந்து மட்டும் பதினேழோ என்னமோ. அவனைத்தான் மொதல்ல கூப்பிட்டாரு. அவன் அங்க வடக்க இருந்து என்ன சொன்னானோ, இவரு ‘ம்’ங்கிறாரு. ‘எப்ப?’ங்கிறாரு. பொறவு அப்படியே ஈரப் படியில உக்காந்துட்டாரு. பக்கத்துல ஒரு குடும்பம் எள்ளும் தண்ணியும் இறைச்சுகிட்டு இருந்துச்சு. அந்தத் தண்ணி இவரு கால்ல பட்டு ஓடுச்சு.

முந்தின நாளு சாயந்தரம் ஆறு மணிக்கு மதினி போயிட்டாக. ராத்திரியும் பகலும் எங்களைத் தேடியிருக்காக. மேகமலைன்னு தெரியும், மேல எங்க தங்கியிருக்கோம்னு யாருக்கும் தெரியல. வேன்ல வந்த மத்தவுக நம்பர் யார்ட்டயும் இல்ல. வெள்ளி தாண்டுனா சனிக்கிழமை ஆயிரும், சனிப் பொணம் தனியாப் போகாதுன்னு பாடையில கோழியைக் கட்டி விடணும், அது வேண்டாம்னு பெரியவுக சொல்லிட்டாக. நாங்க அருவியில நின்ன நேரத்துக்குத்தான் அங்க மதினியைக் குளிப்பாட்டியிருக்காக. பங்காளி வீட்டுப் பையன் கொள்ளி வச்சுட்டான். ஆறு வயசுல இருந்து தூக்கி வளத்த தம்பி உசுரோட இருக்க, அடுத்த வீட்டுப் பையன் கொள்ளி.

உடனே வேனைத் திருப்புனாக. வழி நெடுக இவரு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, அதுவும் என்ட்ட இல்ல, தனக்குத்தானே. ‘வலிக்கும்போது என்னைக் கூப்பிட்டிருப்பாளே’ன்னாரு.

மம்சாபுரம் வீட்டுக்குப் போகும்போது இருட்டிருச்சு. வீடு கழுவி விட்டு ஈரமாக் கெடந்துச்சு. மதினியைக் கெடத்தியிருந்த இடத்துல ஒரு விளக்கு எரிஞ்சுச்சு. இவரு அது முன்னால போய் உக்காந்தாரு. அழல. தரையை உள்ளங்கையால தடவிகிட்டே இருந்தாரு. சொந்தக்காரங்க பத்துப் பதினஞ்சு பேரு சுத்தி நின்னாக.

பக்கத்து வீட்டு அக்கா உள்ள போய் அந்த மஞ்சப்பையைக் கொண்டு வந்தாக. என் கையில குடுத்தாக. ‘இது ஒனக்குத்தான். நேத்துக் காலையில ஒங்கிட்டக் குடுக்கணும்னு விலக்குக்குத் தூக்கிட்டுப் போனா. வெயில் ஏறுற வரைக்கும் நின்னுட்டுத் திரும்ப நடந்தே வந்தா. அந்தப் புள்ளைக்குக் குளிரு காதுக்கு ஆகாது, கட்டி வந்த வருஷமே பாத்தேன், அவளுக்கே ஞாபகம் இருக்காது, எதுவும் எடுத்துட்டுப் போயிருக்க மாட்டான்னு சொல்லிகிட்டே இருந்தா. வந்து உக்காந்த கொஞ்ச நேரத்துலதான் நெஞ்சைப் புடிச்சா’ன்னாக.

பைக்குள்ள ஒரு மெரூன் கலர் ஸ்வெட்டர். புதுசு, விலைச்சீட்டு கூடக் கிழிக்கல. ஒரு சின்ன பாட்டில்ல பூண்டு எண்ணெ, மூடியில பாலிதீன் பேப்பர் வச்சு இறுக்கியிருந்துச்சு. காதுல வைக்க உருட்டி உருட்டி வச்ச பஞ்சு, ஒரு பேண்டேஜ் துணியில முடிஞ்சு. அந்தத் துணி எங்க கம்பெனித் துணி, நான் என்னைக்கோ குடுத்தது.

இருபத்தினாலு வருஷமா என் காதுவலியை ஒருத்தி ஞாபகம் வச்சிருந்திருக்கா. நான் அவுகளைப் பத்தி ஞாபகம் வச்சிருந்தது கெட்டுப்போன மூணு பயணம்.

பக்கத்து வீட்டு அக்கா விடல. என்னைப் பாத்துகிட்டே, எல்லாருக்கும் கேக்க, ‘நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறப்பவே போன் பண்ணுனேனே. பதினோரு மணிக்கு. நீதான எடுத்த? சரிக்கா, சொல்றேன்னியே?’ன்னாக.

வீடே என்னைப் பாத்துச்சு. அந்த நேரம் தரையில உக்காந்திருந்த இவரு, தலையைத் தூக்காமலே சொன்னாரு: ‘அங்க டவர் இல்லக்கா. விட்டு விட்டுத்தான் கேட்டுச்சு. அவளுக்கு ஒண்ணும் வெளங்கியிருக்காது.’

‘அதுவும் சரிதான், மலையில டவர் எங்க கெடைக்குது’ன்னு சொல்லிட்டு அக்கா உள்ள போயிட்டாக.

டீக்கடையில டவர் நாலு கோடும் இருந்துச்சு. அவருக்கு அது தெரியும். சின்னமனூர் மலை இல்ல, பஜாரு. விலக்குல யாரும் நிக்கலன்னு நான் சொன்னதும், லோன் கம்பெனின்னு சொன்னதும் அவருக்கு ஞாபகம் இருந்திருக்கும். வேன்ல வரும்போதே போனைப் பாத்திருப்பாரு, பதினோரு மணிக்கு எந்த நம்பர், எடுத்துப் பேசுனது எவ்வளவு நேரம்னு அதுல கெடக்குமே. ஊர் முன்னால என்னைக் காப்பாத்திட்டாரு. அவருட்ட இருந்து என்னைக் காப்பாத்த யாரு இருக்கா?

அவரு கேப்பாருன்னு அன்னைக்கு இருந்தேன். மறுநாள் சுடுகாட்டுக்குப் போய்ப் பாலூத்திட்டு வந்து கேப்பாருன்னு இருந்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு கேப்பாருன்னு இருந்தேன். கேக்கவே இல்ல. வழக்கம்போல பேசுதாரு, சாப்பிடுதாரு, குழம்புல உப்புக் கம்மின்னு சொல்லுதாரு. கை நீட்டி ரெண்டு அறை அறைஞ்சிருந்தாக் கூட, வாங்கிட்டு, காலைப் புடிச்சு அழுதிருப்பேன். நானாச் சொல்லிருக்கலாமேன்னு கேப்பீக. நாலஞ்சு தடவை வாய் வரைக்கும் வந்துச்சு. ‘ஏங்க’ன்னு ஆரம்பிப்பேன். ‘என்ன?’ன்னு திரும்புவாரு. ‘மோட்டார் போடவா?’ன்னு கேப்பேன். என் லெச்சணம் அவ்வளவுதான்.

ஒரு வருஷம் மலைப்பக்கம் போகல. மாடிக்குத் துணி காயப்போட ஏறுனாக் கூட கிழக்க பாத்துத்தான் நிப்பேன். ஸ்வெட்டரை விலைச்சீட்டோட பீரோவுல வச்சிருக்கேன். எண்ணெ பாட்டிலை இன்னும் திறக்கல.

வருஷத் திவசம் முடிஞ்ச பொறவு வந்த ஆடி அமாவாசைக்கு, ‘சுருளிக்குப் போய் அக்காவுக்குத் திதி குடுக்கணும். நீயும் வா’ன்னாரு. வாரேன்னேன். கவர்மெண்டு பஸ்ஸுல போனோம். மம்சாபுரம் விலக்குல பஸ் நின்னு ஆள் ஏத்துச்சு. ரெண்டு பேரும் அந்த வேப்பமரத்தைப் பாக்கல.

சுருளியில சரியான கூட்டம். திதி குடுத்து முடிச்சு, அருவியில முங்கப் போகணும். ஓரத்துல ஒரு டீக்கடை. இவரு சட்டையைக் கழட்டி மடிச்சு என்ட்டக் குடுத்தாரு. வாட்சைக் கழட்டிக் குடுத்தாரு. பர்ஸைக் குடுத்தாரு. விரல்ல கெடந்த மோதிரத்தையும் சோப்பு போட்டா வழுக்கிரும்னு கழட்டி என் கையில வச்சாரு. எல்லாத்தையும் மடியில கட்டிகிட்டு, போனுக்காக நான் கையை நீட்டுனேன்.

போனை டீக்கடைக்காரர்ட்டக் குடுத்தாரு. முன்ன பின்ன பாத்திராத ஆளு.

‘அண்ணே, இதைக் கொஞ்சம் வச்சுக்கங்க. போன் எதுவும் வந்தா எடுத்து, என்னன்னு கேட்டு என்ட்டச் சொல்லிருங்க’ன்னாரு.

நீட்டுன கையை மடக்கிகிட்டேன். அவரு துண்டைத் தோள்ல போட்டுகிட்டு அருவிப் பக்கம் போனாரு.